தட்டுவது நெருப்பா, உலோகமா? முதல் தலைமுறைக் கார் இன்ஜின்களின் ஓசைகள்

ஃபோர்டு மாடல் டி காரை வாங்கியவர்களுக்கு நிறுவனம் ஒரு சிறு கையேடு தந்தது. கேள்வி-பதிலாக அமைந்த அந்தக் கையேட்டில், இன்ஜின் ஏன் தட்டுகிறது என்ற கேள்விக்கு ஆறு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. சிலிண்டரில் படிந்த கார்பன், அளவுக்கு மீறி முந்திவிட்ட ஸ்பார்க், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட்டின் மெயின் பேரிங், தளர்ந்த பிஸ்டன் அல்லது உடைந்த ரிங், ஹெட் கேஸ்கட்டில் பிஸ்டன் முட்டுவது ஆகியவை அவை. இவற்றில் கார்பன்தான் அதிகம் காணப்படுவது என்றும் கையேடு சொன்னது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான கார் என்பதால், அந்தப் பட்டியலை அன்றைய வாகன உலகின் பொது அறிவாகவே கொள்ளலாம்.

பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அதற்குள் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் கலந்திருப்பது தெரியும். முதல் இரண்டும் நெருப்பின் கோளாறுகள்; சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் விதம் கெட்டுப்போவதால் வருபவை. மற்ற நான்கும் உலோகத்தின் கோளாறுகள். ஒரு பாகம் தளர்ந்தோ இடம் மாறியோ இன்னொன்றின் மீது மோதுவதால் வருபவை. ஓட்டுநரின் காதுக்கு இரண்டும் ‘டக் டக்’ என்றுதான் கேட்கும். ஆனால் ஒன்றை அடக்க ஒரு கைப்பிடியை நகர்த்தினால் போதும். மற்றொன்றுக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். 1900 முதல் 1930 வரையிலான ஒர்க்‌ஷாப்புகள் இந்த இரண்டையும் பிரித்தறிய என்னென்ன செய்தன, அவற்றில் எது பயன்பட்டது, எது வீண் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய மெக்கானிக்குகளின் ‘தெய்வீகக் காது’ பற்றி நிறையக் கதைகள் உண்டு. நல்ல மெக்கானிக்கை மற்றவரிடமிருந்து பிரித்தது காது அன்று, ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே என்பது என் கருத்து.

முதலில், அந்த இன்ஜின்கள் ஏன் இவ்வளவு தட்டின?

காரணம் பெரும்பாலும் பேரிங்கிலும் ஆயிலிலும் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஐசக் பாபிட் 1839-ல் காப்புரிமை பெற்ற வெள்ளை உலோகம்தான் அன்றைய கார்களின் பேரிங். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஒட்டி வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் செம்பும். மிருதுவானது. ஆயிலில் வரும் தூசியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு, கிராங்கின் எஃகைக் காப்பாற்றும். ஆயில் சற்று நேரம் வராமல் போனாலும் உடனே எஃகைப் பிடித்துக்கொள்ளாது. ஆனால் அந்த மிருதுத்தன்மையே அதன் பலவீனமும்கூட. இடைவிடாத அடியில் நசுங்கும், வெடிக்கும், துண்டு துண்டாக உதிரும். ஆயில் முற்றிலும் வற்றினால் சுமார் 240 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும்.

இந்தப் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த விதத்தையும் பாருங்கள். மாடல் டி-யில் ஆயில் பம்ப் கிடையாது, ஃபில்டர் கிடையாது, அழுத்தம் காட்டும் கேஜும் கிடையாது. பின்னால் சுழலும் ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும். அதில் ஒரு பங்கு ஒரு புனலில் விழுந்து, மெல்லிய குழாய் வழியே முன்பக்கப் பல்சக்கரங்களுக்குப் போய், அங்கிருந்து அடித்தொட்டியின் பள்ளங்களில் நிரம்பும். கனெக்டிங் ராடுகள் சுழலும்போது அந்தப் பள்ளங்களில் முங்கி எழுந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். சமதரையில் இது போதுமானதே. நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் முழுவதும் பின்பக்கம் ஓடிவிடும். முதல் சிலிண்டரின் ராடு வறண்ட பள்ளத்தில் சுழலும். வண்டி மிகக் கடினமாக இழுக்கும் நேரமும் அதுதான். மாடல் டி-களில் முதல் ராடு அடிக்கடி போனதன் காரணம் இதுவே. பின்னாளில் கூடுதல் ஆயில் குழாய் ஒன்றை வெளிப்புறமாகப் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் இதனால்தான் பரவியது.

ஆயிலின் அளவைப் பார்க்க அடித்தொட்டியின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்த்திருகுகள் மட்டும் இருந்தன. கீழ்த்திருகைத் திறந்தும் ஆயில் வராவிட்டால் இன்ஜினை ஓட்டக் கூடாது. காரின் அடியில் படுத்துத்தான் அவற்றைத் திறக்க வேண்டும். எத்தனை பேர் தினமும் அதைச் செய்திருப்பார்கள்?

இதோடு எரிபொருளும் சேர்ந்துகொண்டது. கார்கள் பெருகப் பெருகப் பெட்ரோல் பற்றாக்குறை வந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் கனமான பகுதிகளையும் பெட்ரோலோடு கலந்து விற்றன. கனமான எண்ணெய்களை வெப்பத்தால் உடைத்துப் பெட்ரோலாக்கும் முறைக்கு வில்லியம் பர்ட்டன் 1913-ல் காப்புரிமை பெற்றதே இந்தத் தேவையின் விளைவுதான். கனமான பெட்ரோல் குளிர்ந்த இன்ஜினில் முழுதாக ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கும். சில வாரங்களில் அந்த ஆயில் மண்ணெண்ணெய்போல் நீர்த்துவிடும். நீர்த்த ஆயில், மாடல் டி-யின் மூன்றே மெயின் பேரிங்குகள், ஒன்றேகால் அங்குலத் தடிமனே உள்ள கிராங்க். தட்டாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இனி நெருப்பின் தட்டலுக்கு வருவோம். அதை ஒதுக்கிவைத்த பிறகே உலோகத்தைப் பற்றிப் பேச முடியும்.

சரியாக எரியும் சிலிண்டரில் ஸ்பார்க்கிலிருந்து சுவாலை ஒழுங்காகப் பரவுகிறது. தட்டும் சிலிண்டரில், சுவாலை வந்து சேர்வதற்கு முன்பே கடைசி மூலையில் ஒதுங்கிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே ஒரே கணத்தில் வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களை அதிரவைப்பதே ‘கிண்’ என்ற அந்த ஓசை. கார்பன் படிந்தால் இது கூடுகிறது. படிவு இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் ஏறுகிறது. வெப்பத்தை வெளியே விடாமலும் பிடித்துவைக்கிறது. சில சமயம் படிவின் விளிம்பு சிவக்கச் சூடேறி, ஸ்பார்க்குக்கு முன்பே கலவையைப் பற்றவைப்பதும் உண்டு. அது வேறு கோளாறு. முன்கூட்டியே பற்றுவதும் கடைசியில் வெடிப்பதும் ஒன்றே என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். கேம்பிரிட்ஜில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகும் ஒர்க்‌ஷாப்புகளில் அந்தக் குழப்பம் தீரவில்லை.

குழப்பத்தின் பழி ஒரு கட்டத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் மேல் விழுந்தது. காடிலாக் காருக்கு பேட்டரி இக்னிஷனையும் 1912-ல் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரையும் தந்தவர் அவர். இன்ஜின் தட்டுவதற்கு அவருடைய இக்னிஷனே காரணம் என்று சிலர் சொன்னார்கள். அவர் அதை மறுத்து, தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் ஆராயச் சொன்னார். வேதியியல் படிக்காத மிட்ஜ்லிக்கு ஒரு விசித்திரமான ஊகம் தோன்றியது: எரிபொருள் சிவப்பாக இருந்தால் வெப்பத்தை அதிகம் ஈர்த்து, சீக்கிரம் ஆவியாகி, தட்டாமல் எரியும். எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் கையில் இல்லாததால் அயோடினைக் கலந்தார். தட்டல் நின்றது. பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தபோது எதுவும் நடக்கவில்லை. ஊகம் தவறு, விளைவு சரி. வேலை செய்தது நிறம் அன்று, அயோடின்.

அதிலிருந்து அனிலின், செலினியம், டெலூரியம் என்று பல பொருள்களைத் தேடிப் போய், 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயத்தில் வந்து நின்றார்கள். 1923 பிப்ரவரியில் ஓஹையோவின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐவர் ஈய நஞ்சால் உயிரிழந்தார்கள். ஆனாலும் அது நிற்கவில்லை. இந்தியாவில் 2000-ல்தான் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் அதை நிறுத்தியது. ஒரு ‘டக்’ ஓசையை அடக்க உலகம் கொடுத்த விலை அது.

இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ வேறு பாதையில் போனார். அழுத்த விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய சோதனை இன்ஜின் ஒன்றைக் கட்டி, எந்த எரிபொருள் எவ்வளவு அழுத்தம்வரை தட்டாமல் தாங்குகிறது என்று வரிசைப்படுத்தினார். எரியறையின் வடிவத்தை மாற்றிக் கலவையைச் சுழலவைத்தாலே தட்டல் குறையும் என்று சைடு வால்வு இன்ஜின்களில் செய்தும் காட்டினார். நஞ்சைக் கலப்பதைவிட இதுவே நேர்மையான தீர்வு என்று எனக்குத் தோன்றுகிறது. 1926-ல் கிரஹாம் எட்கர் ஆக்டேன் அளவுகோலைத் தந்த பிறகு நெருப்பின் தட்டல் அளவிடக்கூடிய ஒன்றாகிவிட்டது.

ஓட்டுநருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. மாடல் டி-யின் ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஸ்பார்க் கைப்பிடி இருந்தது. ஏற்றத்தில் தட்டினால் அதை மேலே தள்ளி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும். உடனே ஓசை அடங்கினால் அது நெருப்பு. கைப்பிடியை எங்கே வைத்தாலும் அடங்காவிட்டால் உலோகமாக இருக்கலாம். சோதனைகளிலேயே மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால் பிஸ்டனின் மேல் விழும் அடியே குறைவதால், தளர்ந்த பேரிங்கின் ஓசையும் சற்று மங்கும். முற்றாக அடங்கியதா, மங்கியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உலோகம் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி எந்தச் சிலிண்டர் என்பது. ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க்கை நிறுத்திப் பார்ப்பார்கள். மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை ஸ்பார்க் பிளக்கின் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே சாய்த்தால் அந்தச் சிலிண்டர் எரியாது. மாடல் டி-யில் இன்னும் எளிது. முன்பலகையில் உள்ள பெட்டியில் நான்கு காயில்கள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் துடிக்கும் தகட்டை விரலால் அமுக்கிப் பிடித்தால் அதற்குரிய சிலிண்டர் நின்றுவிடும். எதை நிறுத்தும்போது ஓசை போகிறதோ, குறைகிறதோ, மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

ஏன் இப்படி நடக்கிறது என்பது புரிந்தால்தான் இந்தச் சோதனையைச் சரியாகப் பயன்படுத்த முடியும். எரிந்த வாயு பிஸ்டனை ஏறத்தாழ ஒரு டன் எடையோடு கீழே அழுத்துகிறது. பேரிங்கில் தளர்ச்சி இருந்தால் ராடு அந்த இடைவெளியைத் தாண்டிக் கிராங்கின் மீது மோதும். அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் மோதலின் வேகம் குறையும். மெயின் பேரிங்கின் கதை அப்படியில்லை. அதன்மேல் இரண்டு பக்கத்துச் சிலிண்டர்களின் சுமையும் விழுகிறது. ஒன்றை மட்டும் நிறுத்தினால் பெரிதாக மாறாது. அடுத்தடுத்த இரண்டையும் நிறுத்தினால் மாறும். ஒன்றை நிறுத்திப் பார்த்துவிட்டு ‘ராடு இல்லை, அதனால் கோளாறே இல்லை’ என்று விட்டுவிட்டவர்களின் வண்டிகள் சாலையில் நின்றன.

அடுத்தது சுமை. கனெக்டிங் ராடின் தட்டல் வண்டி இழுக்கும்போது தெளிவாகக் கேட்பதில்லை, ஏனென்றால் வாயுவின் அழுத்தம் இடைவெளியை ஒரே பக்கமாகப் பிடித்துவைக்கிறது. இறக்கத்தில் சும்மா உருளும்போதும், நல்ல வேகத்தில் போய் த்ராட்டிலைச் சட்டென்று மூடும்போதும் பிடி விடுபட்டு, ராடு ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமும் மோதும். ‘டக் டக் டக்’ என்று கூர்மையாக, விட்டுவிடாமல் கேட்கும். மெயின் பேரிங் நேர் எதிர். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ‘தொம் தொம்’ என்று கனமாக வரும்; காதைவிடக் கால்பலகையில் அதிகம் தெரியும்.

பிஸ்டன் பின்னின் தட்டல் மெல்லியது. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதுதான் கேட்கும். நெருங்கி வரும் இரட்டை ஓசை, ‘டிக்-டிக்’. ராடின் தட்டலாக நினைத்து அடித்தொட்டியைக் கழற்றி ஏமாந்த மெக்கானிக்குகள் அதிகம் இந்த இடத்தில்தான். பிஸ்டனே தளர்ந்து சுவரில் மோதுவது வேறு ரகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் லொடலொடவென்று கேட்கும், சூடேறியதும் அடங்கும். அதை உறுதிப்படுத்த அருமையான ஒரு வழி இருந்தது: பிளக்கைக் கழற்றி அந்தச் சிலிண்டரில் கெட்டியான ஆயிலை ஒரு கரண்டி விட்டு, மறுபடி ஓடவிடுவது. ஆயில் இடைவெளியை அடைப்பதால் சில நிமிடம் ஓசை நிற்கும். நின்றால் பிஸ்டன்தான். நிற்காவிட்டால் தேடல் வேறிடத்தில்.

வால்வு டேப்பெட்டின் ஓசையைப் பிரிக்க எண்ணத் தெரிந்தால் போதும். கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆகவே டேப்பெட் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்னும். ராடு ஒவ்வொரு சுற்றிலும் மோதும். சைடு வால்வு இன்ஜினில் பக்கத்து மூடியைத் திறந்து, ஓடும்போதே டேப்பெட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே மெல்லிய ஃபீலர் கேஜைச் செருகினால், குற்றவாளியைத் தொட்ட கணமே ஓசை நிற்கும். இவ்வளவு எளிதான சோதனை இருந்தும், டேப்பெட் ஓசைக்குப் பயந்து இடைவெளியே இல்லாமல் வைத்து, வால்வுகளைக் கருகவிட்டவர்கள் ஏராளம். சற்று ஓசையிடும் டேப்பெட் நல்ல டேப்பெட்.

ஓசையின் இடத்தைத் தேடக் காதில் ஒரு குச்சியை வைப்பதும் வழக்கம். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்தி, நுனியை இன்ஜினின் பல இடங்களில் வைத்துக் கேட்பார்கள். சிலர் மரக்கட்டையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் போன்ற கருவிகளும் விற்பனைக்கு வந்தன. நான் இதை இரண்டாம் தரச் சோதனையாகவே வைப்பேன். வார்ப்பிரும்பு ஓசையை எங்கும் கொண்டுபோகும். மூன்றாம் ராடின் தட்டல் முன்பக்க மூடியில் உரக்கக் கேட்கலாம். சிலிண்டரை நிறுத்தியும் சுமையை மாற்றியும் கண்டதைச் சரிபார்க்க மட்டுமே இது பயன்படும். இதிலேயே தொடங்கினால் தவறான இடத்தில் கை வைக்க நேரும்.

இன்ஜினுக்குள் இல்லாமலே இன்ஜினைப்போல் தட்டுபவையும் உண்டு. இன்ஜினைச் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால் மெயின் பேரிங்கின் ‘தொம்’ அப்படியே வரும். ஃபேன் புல்லி ஆடினால் ராடு என்று தோன்றும். ஃப்ளைவீல் தன் இருப்பிடத்தில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, இன்ஜினை அணைத்து, நிற்கப்போகும் தருணத்தில் மறுபடி ஸ்விட்சைப் போடுவார்கள். ஒரே ஒரு ‘தொம்’ கேட்டால் ஃப்ளைவீல்தான். கிளட்சை மிதிக்கும்போது ஓசை மாறினால் கிராங்க் முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். மாடல் டி-யில் இந்த நகர்வு இன்னொரு தொல்லையையும் தரும். ஃப்ளைவீலில் பதித்த 16 காந்தங்களுக்கும் அவற்றின் எதிரே நிற்கும் சுருள்களுக்கும் இடையே அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் இடைவெளி. அது மாறினால் ஸ்பார்க்கே பலவீனமாகும்.

காரணம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருந்து?

நெருப்பின் தட்டலுக்கு வழி சுலபம்: ஹெட்டைக் கழற்றிக் கார்பனைச் சுரண்டுவது. மாடல் டி-யின் ஹெட் தனியாகக் கழலக்கூடியது என்பதால் இது அரை நாள் வேலை. ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பாக இருந்த விலையுயர்ந்த கார்களில்தான் சிக்கல். அவற்றுக்காக ஒரு துணிச்சலான முறை வந்தது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் மூடியிருக்க, பிளக் துளை வழியே எரியும் தீக்குச்சியைப் போட்டு ஆக்சிஜனைப் பாய்ச்சுவார்கள். கார்பன் பொறி பறக்க எரிந்து தீர்ந்துவிடும். சரியாகச் செய்தால் சுத்தமான வேலை. அலுமினிய பிஸ்டன் வந்த பிறகு அதை உருக்கிவிடும் அபாயமும் கூடவே வந்தது.

பேரிங்கின் தளர்ச்சிக்குப் பொதுவான மருந்து ஷிம். பேரிங்கின் மேல் பாதிக்கும் மூடிக்கும் நடுவே, இரு பக்கமும் மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கியிருக்கும். தேய்ந்தால் இரு பக்கமும் சமமாக ஒவ்வொரு தகட்டை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினால் இடைவெளி குறையும். ஷிம் இல்லாத ராடுகளில் மூடியின் முகத்தையே அரத்தால் ராவினார்கள். கிராங்கின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு அங்குலம் இடைவெளி என்பது பொதுக் கணக்கு. மனித முடியின் பாதித் தடிமன்கூட இல்லாத அந்த அளவை, கையால் ராடை அசைத்து, அது தன் எடையால் மெதுவாக இறங்குகிறதா என்று பார்த்து நிதானித்தார்கள்.

இந்த முறை வசதியானது, அதனாலேயே கெடுதலும் செய்தது. தேயும்போது கிராங்க் வட்டமாகத் தேய்வதில்லை. வாயு அழுத்தும் பக்கம் அதிகமாகவும் மற்ற பக்கம் குறைவாகவும் தேய்ந்து முட்டை வடிவமாகும். அந்த முட்டையின் மேல் வட்டப் பேரிங்கை இறுக்கினால், ஒரு கோணத்தில் பிடிக்கும், மறு கோணத்தில் தளரும். பிடிக்கும் இடத்தில் ஆயில் படலம் கிழிந்து வெள்ளை உலோகம் மசியும். சில நூறு மைல்களில் தட்டல் திரும்பும். வண்டி தட்டியதும் ஷிம் எடுத்து, மறுபடி தட்டியதும் மறுபடி எடுத்து, கடைசியில் கிராங்கையே வீணாக்கினார்கள். மூடியைத் திறந்தவர் முதலில் எடுக்க வேண்டியது ஷிம்மை அன்று, மைக்ரோமீட்டரை. அன்றைய சிறு ஒர்க்‌ஷாப்புகளில் பலவற்றில் அது இல்லை என்பதும் உண்மைதான்.

முறையான சிகிச்சை புதிதாக வார்ப்பது. பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, ராடின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசி, அச்சைச் சூடாக்கிப் புதிய உலோகத்தை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். உலோகம் பதமாயிற்றா என்று பார்க்க, பைன் மரக்குச்சி ஒன்றை அதில் முக்குவார்கள். பற்றிக்கொள்ளாமல் பழுப்பாகக் கருகினால் பதம். ஆறும்போது உலோகம் சுருங்கும் என்பதால் சுத்தியலால் தட்டி இறுக்குவதும் உண்டு. பிறகு கடைந்து, கிராங்கில் நீலச் சாயம் பூசி வைத்துச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டும் கத்தியால் நீக்கி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி, முகம் முழுவதும் சமமாக ஒட்டும்வரை தொடர வேண்டும். பொறுமை இருந்தவனுக்கு மட்டுமே இந்த வேலை வாய்த்தது. ஃபோர்டு ஆலைக்கு அத்தனை நேரம் கிடையாது. பேரிங்கை இறுக்கமாகப் பூட்டி, மோட்டாரால் கிராங்கைச் சுழற்றி, உராய்வின் சூட்டிலேயே உலோகத்தைப் படியவைத்தார்கள். மாடல் டி-யின் ராடுகளை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு, புதிதாக வார்த்த ராடுகளை மாற்றி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. பழுதுபார்ப்பவரின் கைத்திறனைப் பாகமாற்றம் விழுங்கத் தொடங்கியது இங்கேதான்.

கெட்டியான ஆயிலை ஊற்றி ஓசையை அமுக்குவது மருந்தாகாது. வண்டியை விற்கப் போகிறவரின் தந்திரம் அது.

ஓசை பிறக்காமலே செய்ய முயன்ற பொறியாளர்களின் வேலை இதற்கெல்லாம் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் பம்ப் மூலம் அழுத்தத்தோடு ஆயிலைப் பேரிங்குகளுக்கு அனுப்புவதில் முன்னோடி. 1907-ன் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டில் ஏழு மெயின் பேரிங்குகளும் அழுத்த ஆயிலும் இருந்தன. அதன் அமைதிக்கு அதைவிட மர்மமான காரணம் தேவையில்லை. ஆறு சிலிண்டர் இன்ஜின்களின் நீண்ட கிராங்க் சில வேகங்களில் முறுக்கிக்கொண்டு அதிர்ந்து பயங்கரமாகக் கடகடத்தது. நேப்பியர் கார்களை விற்ற எஸ். எஃப். எட்ஜ் அதற்கு ‘பவர் ராட்டில்’ என்று பெயரிட்டுச் சமாளித்தார். ராய்ஸும் லான்செஸ்டரும் தனித்தனியே அதிர்வடக்கிகளைச் செய்து அதைத் தீர்த்தார்கள்.

சார்லஸ் நைட் என்ற சிகாகோ பத்திரிகைக்காரருக்குத் தம் நாக்ஸ் வண்டியின் வால்வு ஓசை பொறுக்கவில்லை. வால்வுகளையே ஒழித்து, சிலிண்டருக்குள் சறுக்கும் உறைகளை வைத்தார். கவென்ட்ரியின் டெய்ம்லர் நிறுவனம் 1908-ல் அதை ஏற்றது. ஓசை ஒழிந்தது, பதிலுக்கு ஆயிலைக் குடித்து நீலப் புகை விட்டது. பிஸ்டன்களில் இதற்கு நேர்மாறான கதை. எடை குறைந்த அலுமினியம் வந்ததும் தட்டல் கூடிற்று. நூறு மில்லிமீட்டர் பிஸ்டன் நூறு டிகிரி சூடேறினால் வார்ப்பிரும்பு 0.11 மில்லிமீட்டர் விரியும், அலுமினியம் 0.23. அதற்கு இடம்விட்டுப் பொருத்தினால் குளிரில் லொடலொடக்கும். பக்கச்சுவரைப் பிளந்தும், ஏறத்தாழ விரிவே இல்லாத இன்வார் உலோகப் பட்டைகளை உள்ளே வார்த்தும் 1920-களில் அதற்கு வழி கண்டார்கள். 1930-ன் காடிலாக் வி-16 டேப்பெட் ஓசையை ஆயில் அழுத்தத்தாலேயே அடக்கியது. எஃகு முதுகுடைய மெல்லிய ஓடு பேரிங்குகள் பரவியதும் வார்ப்பவரும் சுரண்டுபவரும் வேலையிழந்தார்கள். ஆனால் எல்லோரும் உடனே மாறவில்லை. செவ்ரோலே தன் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் வார்த்த பேரிங்கையும் ராடு முங்கி எடுக்கும் ஆயிலையும் 1950-களின் தொடக்கம்வரை விற்றது.

இத்தகைய வண்டிகளை இன்று வைத்திருப்பவர்களுக்கு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 1910-களின் பெட்ரோல் இன்றைய அளவுகோலில் 50-ஐ ஒட்டிய ஆக்டேன் கொண்டது. இன்று பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே 91-க்குக் குறையாது. மாடல் டி-யின் அழுத்த விகிதமோ நாலுக்கு ஒன்றை ஒட்டியது. எனவே, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திய பிறகும் இந்த வண்டி தட்டினால் எரிபொருளின் மேல் பழி போடாதீர்கள். விலையுயர்ந்த ஆக்டேன் கலவைகளை வாங்கி ஊற்றுவதும் வீண் செலவு. தட்டுவது உலோகமாகத்தான் இருக்கும். அது ராடின் ஓசை என்று சந்தேகம் வந்தால் ‘வீடுவரை ஓட்டிப் போய்விடலாம்’ என்று நினைக்காமல் அங்கேயே அணைத்துவிட்டு, வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். வெள்ளை உலோகத்தை மறுபடி வார்த்துக்கொள்ளலாம்; உடைந்த ராடு பிளாக்கில் துளையிட்டுவிட்டால் அதற்கு மாற்று தேடுவது மிகக் கடினம்.